திருநின்றவூரின் குரல்

அந்தப் பெட்டியில் என் பெயர் யாருக்கும் தெரியாது. மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் பெயர்கள் புழங்குவதில்லை. ஏறுகிற ஸ்டேஷன்தான் பெயர். நான் திருநின்றவூர். எனக்கு அடுத்து ஏறுகிறவர் பட்டாபிராம் டீச்சர். அப்புறம் ஆவடி, அப்புறம் அம்பத்தூர். "திருநின்றவூர் இன்னிக்கு வரலியா?" என்று யாராவது கேட்டால், புதிதாக ஏறியவர்கள் ஊரே வரவில்லையோ என்பது போலத் திரும்பிப் பார்ப்பார்கள். வருஷக்கணக்காக ஒரே சீட்டில் தொடை இடிக்க உட்கார்ந்தோம். ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கைவிட்டுத் தின்றோம். யார் வீட்டுப் பிள்ளை எதில் ஃபெயில், யாருடைய நாத்தனார் எப்படிப்பட்டவள் எல்லாம் அத்துப்படி. பெயரை மட்டும் கேட்காமலே இருந்துவிட்டோம். இவ்வளவு தெரிந்த பிறகு ஒருத்தரிடம் ஒருத்தர் ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்தவளை என்னவென்று சொல்ல.

நாங்கள் பாடுவோம். பஜனைக் கோஷ்டி இல்லை, அது வேறு ஆட்கள். எங்களுடையது ஆளுக்கு ஏற்றபடி கட்டுகிற பாட்டு. பெட்டியில் ஒருத்திக்கு ஏழாம் மாதம் என்றால் ஓடுகிற ரயிலிலேயே கண்ணாடி வளையல் போட்டு, கலந்த சாதம் பிரித்து வைத்து, அவளைப் பற்றியே ஒரு பாட்டு. ஒருத்தி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள் என்றால் அவளுக்கு ஒன்று. யார் பிள்ளையாவது பிளஸ் டூ பாஸ் செய்தால் அதற்கும் ஒன்று. வார்த்தை எல்லாம் நான் கட்டுவது. பாரிமுனையில் ஒரு பேப்பர் மொத்தக் கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. பில்லுக்கும் பில்லுக்கும் நடுவில் துண்டுக் காகிதத்தில் எழுதிவிடுவேன். அது எனக்குப் பெரிய காரியமே இல்லை. வாயைத் திறந்தால் நக்கலும் எதுகையும் தானாக வரும்.

எனக்குப் பெரிய காரியம் பாடுவதுதான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். தொண்டை கொஞ்சம் பெரிது. வீட்டில் அதற்கு இடமில்லை. கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. பாதி நாள் பகலில்தான் தூங்குவார். நான் தட்டைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகியவள், கதவைச் சத்தமில்லாமல் சாத்தப் பழகியவள். ரயிலில்தான் வாயைத் திறக்க முடியும். எதிர் லைனில் எக்ஸ்பிரஸ் போகும்போது மற்றவர்கள் எல்லாம் நிறுத்திவிடுவார்கள், நான் நிறுத்த மாட்டேன். எக்ஸ்பிரஸ் போய் முடிந்ததும் என் குரல் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும், மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். பெட்டியின் அந்தக் கோடியிலிருந்து பூ கட்டுகிற அம்மா "போடு திருநின்றவூரு!" என்று கத்துவார். ஒரு நாளில் எனக்கென்று கிடைப்பது அவ்வளவுதான், அது போதும் என்று இருந்தேன்.

கொரோனாவில் ரயில் நின்றது. திரும்ப ஓட ஆரம்பித்தபோது பெட்டி அதே பெட்டிதான், ஆனால் எல்லோர் காதிலும் இயர்போன். ஒரு நாள் நாங்கள் நாலைந்து பேர் மெல்ல ஆரம்பித்தோம். எதிரில் லேப்டாப்பை மடியில் வைத்திருந்த ஒரு பெண், "ஆன்ட்டி, ஆபீஸ் கால்ல இருக்கேன், கொஞ்சம் ப்ளீஸ்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதனாலேயே எங்களுக்குத் திருப்பிச் சண்டை போடக்கூட வழியில்லை. வாயை மூடிக்கொண்டோம்.

அந்த நேரத்தில்தான் ஆவடி போனில் பாட்டுப் பதிகிற ஒரு செயலியைக் கொண்டுவந்தாள். அவள் கோவில்பதாகையில் பரம்பரையாக இருக்கிற குடும்பம். ஒரு காலத்தில் நிலம் இருந்தது, இப்போது அந்த நிலத்தில் ஃப்ளாட் இருக்கிறது. சென்ட்ரல் பக்கம் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. என்னைவிடச் சின்னவள். என் பக்கத்து சீட் அவளுக்கு. ஆவடியில் ரயில் நிற்பதற்குள் என் பையைப் பக்கத்தில் வைத்து இடம் பிடித்து வைப்பேன். அவள் ஏறியதும் என் தோளில் தலையைச் சாய்த்து அம்பத்தூர் வரை தூங்குவாள். கூடப் பிறந்தவள் என்று சொன்னால் மிகையில்லை. அப்படித்தான் வைத்திருந்தேன்.

"அக்கா, போன்லயே பாடி ரெக்கார்டு பண்ணலாம்க்கா. ஸ்டுடியோ கணக்கா கீது," என்றாள். அம்பத்தூருக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துக் குழந்தை உண்டாகியிருந்தது. அவளுக்கு வளைகாப்புப் பாட்டு இல்லாமல் எப்படி என்று எல்லோருக்கும் ஒரே தவிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடி எங்கள் வீட்டுக்கே வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கணவர்தான் அவளுக்குக் காப்பி போடச் சொன்னார். இயர்போனில் தாளமும் ஹார்மோனியம் மாதிரி ஒரு சத்தமும் வரும். அதை நாம் மட்டும் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். போன் நம் குரலை மட்டும் பிடித்துக்கொள்ளும். அதை அவளுக்கு அனுப்பினால், அவளுடைய செயலியில் ஒவ்வொருத்தர் குரலையும் ஒன்றின் கீழ் ஒன்றாக, கலர் கலர் பட்டையாக அடுக்கி, ஒன்றாக ஓடவிட்டுப் பாட்டாக்கி வாட்ஸ்அப்பில் போடுவாள். பட்டைகள் அவள் அக்கவுண்டில் மட்டும் இருக்கும். எங்களுக்கு வருவது முடிந்த பாட்டு.

ஆளுக்கொரு இடம் பிடித்தோம். டீச்சர் பீரோவைத் திறந்து புடவைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடினார், எதிரொலி வராதாம். இன்னொருத்தி நிறுத்திவைத்த காரில். நான் அடுப்படியில், கதவைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் செருகி. அப்போதும் கணவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஆனாலும் பாடினேன். ரயிலில் பாடுகிற மாதிரியே, எக்ஸ்பிரஸ் வந்தால் வரட்டும் என்று பாடினேன்.

"ஏறும்போது ஒருத்தி, இறங்கும்போது ரெண்டு பேரு" என்று ஆரம்பிக்கும் அந்தப் பாட்டு. வாட்ஸ்அப்பில் வந்ததும் கடை மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். அழகாக இருந்தது. எல்லோரும் இருந்தார்கள். டீச்சரின் மூக்குக் குரல், கார்க்காரியின் கீச்சுக் குரல், ஆவடியின் மெலிசுக் குரல். என்னைத் தேடினேன். ரெண்டாவது சரணத்தில், எல்லோருக்கும் அடியில், கொஞ்சம் கரகரப்பாக, நிதானமாக, வார்த்தையை முடிக்கும் இடத்தில் சட்டென்று நிறுத்திக்கொள்கிற ஒரு குரல் இருந்தது. இது யார்? மற்றவர்களை எல்லாம் கழித்துப் பார்த்தால் மிச்சம் நான்தான்.

ரெக்கார்டிங்கில் நம் குரல் நமக்கே அந்நியமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன். இருந்தாலும் ஆவடிக்கு மெசேஜ் போட்டேன். "ரெண்டாவது சரணத்துல அடியில வருதே, அதுதானே நான்?"

மேலே அவள் டைப் செய்துகொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. திரும்பக் காட்டியது. மறுபடி நின்றது. கடைசியில் வந்தது: "ஆமாக்கா. சூப்பரா கீதுல்ல."

அந்த நேரத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அவள் கையில் இருந்தது ஒரே ஒரு "இல்லை". அதை அடித்து, அழித்து, அடித்து, அழித்திருக்கிறாள். அப்போது அவள் அந்த "இல்லை"யை அனுப்பியிருந்தால் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

நான் அந்தக் குரலின் மேல் ஆசைப்பட்டுவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணாடி முன் நிற்கிற வயசுப் பெண் மாதிரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குள் இப்படி ஒரு குரலா! ஊரில் "ஏட்டி, மெதுவாப் பேசேன்" என்று வாழ்நாளெல்லாம் கேட்டு வளர்ந்தவள். அந்தக் குரலைக் கேட்டு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கடையில் முதலாளி வீட்டம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இது நீயா? நம்பவே முடியலையே" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரயிலில் வரும்போதும் போகும்போதும் அதையே கேட்டு, கூடவே முணுமுணுப்பேன். கணவரிடமும் போட்டுக் காட்டினேன். "எல்லாம் ஒண்ணாட்டம்தான் கேக்கு" என்று சொல்லிவிட்டுச் சோறு கேட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பாட்டு. கிரகப்பிரவேசம், காதுகுத்து, ஒருத்தியின் பையன் வெளிநாடு போனது. ஒவ்வொன்றுக்கும் நான் வார்த்தை எழுதினேன், அடுப்படியில் பாடி அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் அந்த அடிக்குரல் வந்தது. குரூப்பில் பாராட்டு குவியும். "திருநின்றவூர் குரல்தான் இந்தப் பாட்டுக்கே தூண்" என்று டீச்சர் ஒரு தடவை எழுதினார். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன்.

இந்த வருஷம் டீச்சருக்கே ஓய்வு. அவருக்குத் தெரியாமல் பாட்டுத் தயாராகிக்கொண்டிருந்தது. எல்லோரும் பாடி அனுப்பியாயிற்று, ஆவடி அடுக்கியும் வைத்துவிட்டாள், முடித்து அனுப்புவதுதான் பாக்கி. அந்த வாரம் பார்த்து ஏறுகிற நெரிசலில் அவள் போன் விழுந்து யாரோ மிதித்து, டிஸ்ப்ளே நொறுங்கிப் போனது. கடையில் கொடுத்துவிட்டு, அண்ணன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, கடைக்காரன் நாலு நாளுன்றான். நீயே என் அக்கவுண்டுல உள்ள பூந்து முடிச்சு அனுப்பிடுக்கா. பாஸ்வேர்டு சொல்றேன், எழுதிக்க. ஒண்ணும் கை வெக்காத, சேவ் பண்ணி அனுப்பிடு, அவ்ளோதான்."

அவளுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். வேறு எப்படி அதை என் கையில் கொடுப்பாள்? ஒரு பொய் ரொம்ப நாள் பழகிவிட்டால் அது பொய் என்பதே மறந்துவிடும் போலிருக்கிறது.

கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திறந்தேன். பட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஸ்டேஷன் பெயரை அவளே எழுதி வைத்திருந்தாள். அம்பத்தூர் பச்சை, ஆவடி நீலம். எல்லாவற்றுக்கும் கடைசியில் திருநின்றவூர். அது மட்டும் கலர் இல்லாமல் சாம்பலாக இருந்தது. பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் படத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு. சத்தத்தை அடைத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும், அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

கை தவறி அழுத்தியிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன், சத்தியமாக. பாட்டை ஓடவிட்டேன். திருநின்றவூர் அடைந்து கிடக்க, அந்த அடிக்குரல் ஜம்மென்று பாடிக்கொண்டு போனது. எனக்குப் புரியவே இல்லை. நான் அடைந்து கிடக்கும்போது நான் எப்படிப் பாடுகிறேன்? ஒவ்வொரு பட்டையாக நிறுத்திப் பார்த்தேன். நீலத்துக்குக் கீழே இன்னொரு நீலம் இருந்தது. "ஆவடி 2" என்று எழுதியிருந்தது. அதை நிறுத்தினேன், அடிக்குரல் நின்றது. திரும்பப் போட்டேன், வந்தது. நிறுத்தினேன். போட்டேன். எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்கள் என்னைப் பார்த்தார்கள்.

பழைய பாட்டுகளையும் திறந்தேன். எல்லாம் அந்த அக்கவுண்டிலேயே இருந்தன. கிரகப்பிரவேசம், சாம்பல். காதுகுத்து, சாம்பல். வளைகாப்பு, சாம்பல். ஒரு பாட்டில்கூட நான் இல்லை. முதல் பாட்டிலிருந்தே இல்லை.

சாப்பாட்டை மூடி வைத்தேன். அவமானம் முதலில் வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ என்னைப் பாடாதே என்று சொல்லியிருக்கலாமே? வாய்கூசாமல் "ஆமாக்கா" என்றாயே? நான் முதலாளியம்மாவுக்குப் போட்டுக் காட்டியதையும், ஊரில் தங்கைக்கு அனுப்பியதையும், தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டதையும் நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது. நான் ரசித்ததெல்லாம் அவளை. என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்குகிறவளை.

மறுநாள் காலை ரயிலில் வழக்கம்போலப் பட்டாபிராமில் டீச்சர் ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்தார். ஆவடியில் நான் இடம் பிடித்து வைக்கவில்லை. அவள் ஏறி, என் பையைக் காணாமல் ஒரு நொடி நின்று, நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அனுப்பிட்டியாக்கா?" என்றாள், டீச்சருக்குக் கேட்காமல் காதோடு.

நான் சத்தமாகவே கேட்டேன். "வளைகாப்புப் பாட்டுல ரெண்டாவது சரணம் யாரு பாடினது?"

அவள் முகம் விழுந்துவிட்டது. சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் நான் அப்போது அவளைப் பார்க்கவில்லை. டீச்சர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பியதைத்தான் பார்த்தேன். வெளியே அண்ணனூர் ஷெட், நிற்கிற ரயில்கள், பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உங்களுக்கும் தெரியுமா?"

"அப்படி இல்லம்மா..." என்றார்.

"ஏட்டி, என்னையவா ஏமாத்துதிய எல்லாருமாச் சேந்து?" ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. கோபம் வந்தால் வந்துவிடும்.

ஆவடி என் கையைப் பிடித்தாள். "அக்கா, கத்தாதக்கா, அல்லாரும் பாக்குறாங்க. சொல்றேன் கேளு. உன் கொரலு நல்லாதான் கீது. ஆனா தனியா நிக்குதுக்கா. எத்தினி சவுண்டு கொறைச்சாலும் அல்லார் மேலயும் ஏறிகினு நிக்குது. உன்னிய போட்டா உன்னிய மட்டும்தான் கேக்குது. எடுத்துட்டா அடியில காலியா கீது. அதான் நானே அடித்தொண்டையில இன்னொரு தபா பாடி வெச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதானக்கா கேட்ட, அது நான்தானேன்னு. அம்மாம் சந்தோசமா கேட்ட. எப்டி இல்லன்றது?"

டீச்சர் திரும்பினார். "நாங்க தனியா ஒரு குரூப் வச்சிருந்தோம்மா. சும்மா, வேலை பேசறதுக்கு. அதுல எல்லாருமாப் பேசித்தான் முடிவு பண்ணினோம். உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான். உங்க வார்த்தை இல்லாம எங்க பாட்டே இல்லையே?"

இன்னொரு குரூப். நான் இல்லாத குரூப். "திருநின்றவூர் அனுப்பிச்சிடுச்சா?" "அனுப்பிச்சிடுச்சு, வழக்கம்போல" என்று பேசியிருப்பார்கள். அங்கே பேசிவிட்டு, இந்தக் குரூப்புக்கு வந்து பூப் படம் போட்டிருப்பார்கள். என் வார்த்தை வேண்டும். அதைப் பாட நான் வேண்டாம். மனசு நோகக் கூடாதாம். வளைகாப்பில் சிரித்துக்கொண்டே என் கையால் வளையல் போட்டுக்கொண்ட அம்பத்தூருக்கும் தெரியும். பாட்டே அவளுக்கான பாட்டு, அவளுக்குக்கூடத் தெரியும்.

"மனசு நோகாம இருக்கணும்னா என்னையக் கூப்பிடாமலே இருந்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கொரட்டூரில் இறங்கிவிட்டேன். வேலைக்குப் போகிற வழியில் பாதியில் இறங்கியது என் வாழ்க்கையில் அன்று மட்டும்தான். பிளாட்பாரத்தில் நின்று ரயில் போவதைப் பார்த்தேன். ஆவடி கதவுப் பக்கம் வந்து நின்று ஏதோ சொன்னாள், கேட்கவில்லை.

டீச்சர் பாட்டை நான் முடிப்பதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு ஒரே குடைச்சல். அது என் கையில்தான் இருந்தது. ஆவடி பாஸ்வேர்டை மாற்றவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் எல்லோரையும் அடைத்துவிட்டு என்னை மட்டும் போட்டு அனுப்பினால் என்ன என்று நினைத்தேன். டீச்சரின் ஓய்வு விழாவில் ஸ்பீக்கரில் நான் மட்டும் தனியாக நின்று கத்தட்டும், அத்தனை பேர் முகமும் எப்படிப் போகிறது பார்க்கலாம். நினைக்கவே இனித்தது. ரெண்டு நாள் இந்த இனிப்பிலேயே ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து கணவர் உள்ளே படுத்துவிட்டார். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு போனைத் திறந்தேன். முதலில் என்னை நான் கேட்க வேண்டும். அதுவரை எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்கவில்லை. வளைகாப்புப் பாட்டில் மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத் திருநின்றவூரை மட்டும் திறந்துவிட்டேன்.

அடேயப்பா. என்ன தொண்டை! போன் தாங்காமல் ஓரத்தில் கிழிந்து கேட்டது. பின்னால் குழாய் சொட்டுகிறது, மேல்வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது, அதற்கெல்லாம் மேல் ஏறி நின்று ஒருத்தி "ஏறும்போது ஒருத்தி" என்று பாடுகிறாள். சுருதி ரெண்டு இடத்தில் போய்விட்டது, அது உண்மைதான். ஆவடி சொன்னதும் உண்மைதான், இது யாரோடும் சேராது. ஆனால் நல்ல குரல். சந்தோஷமான குரல். எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவளையா அடைத்தீர்கள் என்று கேட்டேன், வாய்விட்டே கேட்டேன்.

அடுத்த பாட்டைப் போட்டேன். அதற்கடுத்தது. இன்னும் ஒன்று. ஏதோ உறுத்த ஆரம்பித்தது. கிரகப்பிரவேசத்தில் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. காதுகுத்தில் கத்தலே இல்லை. வெளிநாடு போன பையனின் பாட்டில் ஒரு கரகரப்பு வந்திருந்தது, வரவழைத்துக்கொண்ட கரகரப்பு. வார்த்தை முடியும் இடத்தை இழுக்காமல், சட்டென்று நிறுத்தியிருந்தேன். நான் எப்போதும் இழுக்கிறவள்.

கடைசியாக டீச்சரின் பாட்டு. திருநின்றவூரைத் தனியாகப் போட்டேன். பிறகு "ஆவடி 2"வைத் தனியாகப் போட்டேன். மாற்றி மாற்றிப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது யார் என்று எனக்கே தெரியவில்லை. ரெண்டையும் ஒன்றாக ஓடவிட்டேன். ஒரே குரலாகப் போனது. ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை, தனியாக நிற்கவில்லை. அவர்களுக்கு வேண்டியபடியே சேர்ந்திருந்தது.

அதையும் அடைத்துத்தான் வைத்திருந்தாள். கேட்டுப் பார்க்கவே இல்லை. நான் அனுப்பியதும், வந்ததும், அடைத்துவிடுவது வழக்கமாகியிருக்கிறது. ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே, ஆவடி? என்னடா இது, அக்கா என்னை மாதிரியே பாடுகிறாளே என்று உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்குமே? அவள் என்னை எடுத்ததைவிட, திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டதுதான் எனக்கு ஆறவில்லை. இல்லாத ஒரு என்னைத் துரத்திக்கொண்டு நான் ஓடியிருக்கிறேன், ஒருத்தர்கூட அதைக் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் மூடினேன். புதிதாக ஒரு பட்டை திறந்தேன். டீச்சர் பாட்டை என் குரலிலேயே, முதல் பாட்டில் பாடினாளே அவள் பாடுகிற மாதிரி, பாடி வைத்துவிடுவது என்று முடிவு. தனியாக நின்றால் நிற்கட்டும், ஏறி நின்றால் நிற்கட்டும். இயர்போன் மாட்டவில்லை. கதவிடுக்கில் துண்டுகூடச் செருகவில்லை. மூச்சை நன்றாக இழுத்து, ரயிலில் நிற்கிற மாதிரி காலை அகட்டி நின்று, சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாடினேன். முழுத் தொண்டையில்தான் பாடினேன் என்று நினைக்கிறேன். ஒரு சரணம் முழுக்கப் பாடினேன்.

உள்ளிருந்து கட்டில் கிறீச்சிட்டது. கணவர் எழுந்து வந்து அடுப்படிக் கதவை ஒருக்களித்துத் திறந்து, தூக்கக் கலக்கத்தில் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"பாடுதது ஆவடிப் பிள்ளயா? வந்திருக்கா?" என்றார். "காப்பி போட்டியா அதுக்கு?"

இல்லை, நான்தான் பாடினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் எந்தக் குரலில் வருமோ என்று பயமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.